சண்முகம் என்று ஒரு முறைதான் கூப்பிடுவார்கள்

அக்கா மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவதற்காக ஒருத்தி திருச்சியிலிருந்து கத்தார் வரை போகிறாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். என் அலுவலகத்தில் சிரித்தே விட்டார்கள். மீனா அக்காவுக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கிடந்ததால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, எதற்கும் பதறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமா கத்தாரின் வடகோடியில், ராஸ் லஃபானில் ஓர் எரிவாயு ஆலையில் டெக்னீஷியன். அங்கே ஷட்டவுன் நேரம். ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் அந்த வாரங்களில் லீவ் என்று வாயெடுக்க முடியாது. கேம்ப்பிலேயே தங்கல், ராத்திரி டூட்டி. பதினோரு வயது அகிலன் புதுப் பள்ளியில் சேர்கிறான். முதல் வாரம் முழுக்கப் புது மாணவனை வீட்டார் யாராவது நேரில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி.

உண்மையைச் சொன்னால், அக்காவுக்காகப் பாதியும் அந்தப் பள்ளிக்காகப் பாதியுமாகத்தான் நான் கிளம்பினேன். இங்கிலாந்தில் மழை ஓயாத ஒரு சின்ன ஊரில், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஆண்கள் கிராமர் ஸ்கூல் அது. பெயர் வேண்டாம். தோஹாவில் சமீபத்தில் ஒரு கிளை திறந்திருக்கிறார்கள். வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு, ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்குக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்த எனக்கு இதைவிட என்ன வேண்டும்? கிளம்புவதற்கு முன்பே அந்தப் பள்ளியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். கிராமர் என்றால் ஆங்கில இலக்கணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லத்தீன் இலக்கணமாம். கம்பளி வியாபாரி ஒருவர், தனக்குப் பிள்ளையில்லாததால், ஊரிலுள்ள ஏழைப் பையன்கள் லத்தீன் படித்து முன்னேறட்டும் என்று சொத்தை எழுதிவைத்திருக்கிறார். கோடையில் காலை ஆறு மணிக்குப் பள்ளி. மெழுகுவத்தியைப் பையனே கொண்டுவர வேண்டும். உள்ளே ஆங்கிலம் பேசினால் அடி. பேசுகிறவனைப் பிடித்துக்கொடுக்க மாணவர்களிலேயே ஓர் உளவாளி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருச்சியில் நான் படித்த பள்ளியில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரச்சில்லை மாட்டிவிடுவார்கள். அடுத்துத் தமிழ் பேசி மாட்டுகிறவர் கிடைக்கும்வரை அது நம் கழுத்தில்தான். ஆங்கிலத்துக்காக நாங்கள் பட்ட பாட்டை, ஆங்கிலேயப் பையன்கள் லத்தீனுக்காக எப்போதோ பட்டு முடித்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை தோஹா. விமான நிலையக் கண்ணாடிக் கதவைத் தாண்டிய நொடியில் என் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்து, கத்தாரை நான் முதலில் பார்க்கவே இல்லை. செப்டம்பரில் இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வதைக்கிறது. நஜ்மா என்ற பகுதியில் அக்கா வீடு. கீழே மலையாளி பேக்கரி, பக்கத்தில் நேபாளி சலூன், எதிரே நம் ஆள் நடத்தும் மெஸ். திருச்சியிலிருந்து ஐந்து மணி நேரம் பறந்து வந்து தில்லைநகர்க் குறுக்குத்தெரு ஒன்றில் இறங்கிவிட்டேனோ என்றிருந்தது.

அக்கா படுத்தபடியே நிலவரத்தைச் சொன்னாள். அகிலன் படித்துக்கொண்டிருந்த இந்தியப் பள்ளியில் அவனுடைய இடத்தை விட்டுக்கொடுத்தாகிவிட்டது; அதில் வேறு பிள்ளை சேர்ந்தும்விட்டது. புதுப் பள்ளியில் முதல் வாரம் ஒரு வகைச் சோதனை. தினமும் காலையில் பெரிய கூடத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த வாரத்தில் மூன்று நாள் வராதவனுடைய இடம் காத்திருக்கும் அடுத்த பையனுக்குப் போய்விடும். கம்பளி வியாபாரி காலத்து விதி, இன்னும் மாறவில்லை. இந்த இடமும் போனால் இந்த வருஷத்துக்கு வேறு பள்ளி கிடையாது. அவளும் அகிலனும், பிறக்கப்போகும் குழந்தையும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மாமா மட்டும் இங்கே.

"அஞ்சு நாள் ஒழுங்கா கொண்டுபோய் விட்டுட்டா போதும்டி," என்றாள். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

ஞாயிறு இங்கே வேலை நாள். செல்வம் அண்ணன் வேனோடு வந்துவிட்டார். அறந்தாங்கிக்காரர், காலையில் பள்ளிப் பிள்ளைகள், பிறகு ஆபீஸ் ஆட்கள் என்று நாள் முழுக்க ஓட்டுகிறார். பாலைவனத்தை நோக்கிப் போன வேன் திடீரென்று இங்கிலாந்தில் நின்றது. செங்கல் கட்டடம், மணிக்கூண்டு, அடர்ந்த பச்சைப் புல்வெளி; அந்தப் புல்லுக்கு இரண்டு பேர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் பையன்கள் கோட்டும் டையுமாக இறங்கினார்கள். அகிலன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

திரும்பி வந்து எதிர் மெஸ்ஸில் உட்கார்ந்து முதல் வாய் இட்லியை எடுத்திருப்பேன், போனில் பள்ளியின் செய்தி: உங்கள் மகன் இன்று வரவில்லை.

நானே வாசலில் விட்டேன். நானே பார்த்தேன். பள்ளியின் எண்ணுக்கு அடித்தால் எட்டை அழுத்து, இரண்டை அழுத்து என்று இசை ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் மாமாவின் அழைப்பு வந்துவிட்டது. ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. டூட்டி முடிந்து கேம்ப்புக்கு வந்து போனை எடுத்ததும் இதைப் பார்த்திருக்கிறார். "வினோ, புள்ள எங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அக்காவிடம் சொல்ல முடியாது. மேலே ஓடிப்போய், புது சினிமா ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அவள் போனை வாங்கி, பள்ளிச் செயலியின் அறிவிப்பை அணைத்துவிட்டுக் கீழே ஓடினேன். செல்வம் அண்ணன் வேனைத் திருப்பினார். "தங்கச்சி, பதறாதீங்க. இந்த ஊர்ல புள்ள காணாமப் போகாது. கேமரா இல்லாத எடம் கக்கூஸ் ஒண்ணுதான்," என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எனக்கு உடனே கழிப்பறையில் மயங்கிக் கிடக்கும் அகிலன் கண்ணில் தெரிந்தான்.

வரவேற்பறைப் பெண் பொறுமையாகத் திரையைப் பார்த்தாள். வரவில்லை என்றுதான் இருக்கிறது என்றாள். கொஞ்சம் எழுந்து போய் வகுப்பறையைப் பாருங்கள் என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, பையன் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள். அப்படியானால் வந்திருக்கிறான் என்று மாற்றுங்கள் என்றேன். கால்-ஓவரில் பதில் சொல்லவில்லை என்றால் வரவில்லை என்றுதான் பொருள், அதை மாற்ற யாருக்கும் அதிகாரமில்லை என்றாள். காலையில் பெயர் கூப்பிடும் சடங்கின் பெயர்தான் கால்-ஓவர்.

சாயங்காலம் அகிலனைக் கேட்டேன். "கேக்கல சித்தி," என்றான். புது இடம், பயந்திருப்பான் என்று நினைத்து ஷவர்மா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தின்றான். பயந்த பிள்ளை மாதிரித் தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டேன். துணைத் தலைமையாசிரியர் மிஸ்டர் பெல்லாமியைப் பிடித்து, கால்-ஓவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நெடுநெடுவென்று ஒல்லியான மனிதர், அறுபது வயதை நெருங்கியவர். வரலாறு படித்தவள் என்றும், பள்ளியின் பழைய சாசனத்தை வாசித்திருக்கிறேன் என்றும் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. இங்கே சேர்க்க வரும் பெற்றோர் யாரும் இதுவரை அதைத் தொட்டதுகூட இல்லையாம். கூடத்துச் சுவரில் தொங்கும் ஓவியங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். இடையில் ஒரு நூறாண்டு பள்ளி சீரழிந்து, ஒரேயொரு மாணவன்கூட இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு, வகுப்பறையில் பன்றி வளர்த்த தலைமையாசிரியரையும் மறைக்காமல் காட்டினார். பிறகு வந்த ஒருவர் பள்ளியைத் தூக்கி நிறுத்தினார். கிரிக்கெட், ஹவுஸ், பிரம்பு எல்லாம் அவர் கொண்டுவந்தவை. அதற்கும் பின்னால் நுழைவுத் தேர்வு வந்து, பால்காரர் பிள்ளையும் பல்கலைக்கழகம் போனான். பெல்லாமியே அப்படி வந்தவர்தான். அப்பா பஸ் டிரைவர்.

மேல்மாடத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. கீழே பையன்கள் வரிசையாக நின்றார்கள். பெல்லாமி கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு மேடையேறினார். குடும்பப் பெயர் மட்டும்தான். முன்பெயர் கிடையாது, மிஸ்டர் கிடையாது. கூப்பிடப்பட்டவன் லத்தீனில் "அட்ஸம்" என்று சொல்ல வேண்டும். இதோ இருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு பெயரை ஒரு முறைதான் கூப்பிடுவார்கள்.

"ரஹ்மான்."

"அட்ஸம்."

"சாண்டர்ஸன்."

"அட்ஸம்."

அழகாக இருந்தது. சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் புல்லரித்தது. நானூறு வருஷமாக இதே சத்தம். ஷா, அடுத்து, "சண்முகம்."

சத்தமே இல்லை. அகிலன் நான்காவது வரிசையில் நின்றான். குனியவில்லை, திரும்பவில்லை. பெல்லாமியையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பென்சில் ஒரு கோடு போட்டது. அடுத்த பெயர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் பாஸ்போர்ட்டில் முன்பெயர் அகிலன், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் சண்முகம். நம் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அப்படித்தான். பள்ளி அந்தக் கட்டத்தைப் பார்த்து அவனைச் சண்முகம் ஆக்கிவிட்டது. இவ்வளவு வரலாறு படித்துவிட்டு வந்த எனக்கு இந்த ஒன்று தோன்றவே இல்லை.

கூடம் கலைந்ததும் பெல்லாமி எங்கள் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். இரண்டு நாள் போய்விட்டது, நாளையும் இப்படியானால் தன் கையில் எதுவும் இல்லை என்று மென்மையாகத்தான் சொன்னார். ஏன் பதில் சொல்லவில்லை என்று அகிலனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"சித்தி, அம்மாகிட்ட சொல்லக் கூடாது. மொத நாள் அவர் கூப்பிட்டதும் நான் அப்பா வந்திருக்காங்கன்னு நெனச்சேன். கதவப் பாத்தேன். அப்பா இல்ல."

"சரி. அப்புறம்தான் உன்னத்தான் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சுதே. இன்னைக்கு ஏன் சொல்லல?"

"பி.டி. கிளாஸ்ல நான் மெதுவா ஓடுனேன். அந்த சார், 'சண்முகம், ஆர் யூ ஸ்லீப்பிங்?'னு கத்துனார். எல்லாரும் சிரிச்சாங்க." டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அப்பா நைட் டூட்டி சித்தி. ஹி இஸ் நாட் ஸ்லீப்பிங்."

பெல்லாமி என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். எங்கள் வீட்டில் அப்பா பெயரைப் பிள்ளை சொல்லாது, அந்தப் பெயரைச் சொல்லி இன்னொருவர் அதட்டினால் அவன் காதில் விழுவது அவன் அப்பாவுக்கு விழும் அதட்டல் என்று சொன்னேன். அகிலன் என்று கூப்பிடுங்கள், முடிந்தது என்றேன்.

சாசனத்தில் அந்த விதி ஏன் இருக்கிறது தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும். பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் இருக்கும், கசாப்புக்காரர் பிள்ளைக்கு இருக்காது. பள்ளிக்குள் வந்தால் இருவருக்கும் பெயர் மட்டும்தான். கூப்பிடும் விதத்தில் யாருக்கும் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்று அந்தக் கம்பளி வியாபாரி எழுதிவைத்தார். ஒருவனை மட்டும் செல்லமாக முன்பெயரால் கூப்பிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார் பெல்லாமி.

எனக்குச் சூடேறிவிட்டது. "எங்கள் ஊரிலும் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது சார். அது சாதியின் பெயர். யார் மேல், யார் கீழ் என்று அதைக் கேட்டாலே தெரிந்துவிடும். அது வேண்டாம் என்று வெட்டிப்போட்டோம். மிச்சம் இருப்பது அப்பா பெயர் மட்டும்தான். நீங்கள் எந்தக் காரணத்துக்காகக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டீர்களோ, அதே காரணத்துக்காக நாங்கள் அதை விட்டோம்," என்றேன். ஆங்கிலத்தில் இவ்வளவு கோவையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

பெல்லாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் அப்பாவை அந்த வழித்தடம் முழுக்க ஜிம்மி என்றுதான் கூப்பிடுவார்கள்," என்றார். "சில்லறை பாக்கியென்றால் ஜிம்மி, பஸ் தாமதமென்றால் ஜிம்மி. பதினோரு வயதில் நான் அந்தக் கூடத்தில் நின்றபோது, அங்கி போட்ட ஒருவர் பெல்லாமி என்று கூப்பிட்டார். எங்கள் அப்பா பெயரை அப்படி மரியாதையாக ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்."

ஒரு பையனுடைய பெயருக்காக விதியை மாற்றும் அதிகாரம் தனக்கில்லை, ஆனால் நாளைக் காலை கால்-ஓவருக்கு முன் அப்பா வந்து பையனிடம் பேசட்டும் என்றார். அப்பா ராத்திரி டூட்டி, ஆறு மணிக்குத்தான் முடியும், ராஸ் லஃபான் எங்கே, பள்ளி எங்கே என்றேன். "அப்படியானால் வேகமாக வரச் சொல்லுங்கள்," என்றார்.

சாயங்காலம் வேனில் அகிலனைக் கெஞ்சினேன். ஒரு சொல்தான், சொல்லித் தொலை என்றேன். மாட்டேன் என்றான். மூன்று நாள் போனால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். தெரியும், திருச்சிக்குப் போவோம் என்றான். அப்பா வர மாட்டாரே என்றேன். முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மாமா டூட்டிக்குக் கிளம்புமுன் போனில் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இப்படிச் சொன்னார்:

"இங்க மட்டும் என்னைய யாரு சண்முகம்னு கூப்புடுறா? என் பாஸ்போர்ட்ல அந்தக் கட்டத்துல எங்கப்பா பேருதானே இருக்கு. கருப்பையா இங்க வா, கருப்பையா வால்வை ஏன் மூடல. எங்கப்பா புதுக்கோட்டையத் தாண்டிப் போனதில்ல வினோ. ஆனா ராஸ் லஃபான்ல பன்னெண்டு வருஷமா ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்காரு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் பொறுத்துக்கிட்டேன். அவனும் பொறுத்துக்கணும்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. வர்றேன்," என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் அக்கா. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மொத்தத்தையும் கேட்டிருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தேடினேன். "அத வையிடி," என்றாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல அந்தப் பேர நானே ஒரு தடவ வாய்விட்டுச் சொன்னதில்ல. வெள்ளக்காரத் தொரை தினம் காலையில மேடையேறிக் கூப்புடுறாராமா?" சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. ஊருக்குப் போக வேண்டியிருந்தால் எந்த மாதம் வரை விமானத்தில் ஏற விடுவார்கள் என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அன்று சாப்பாட்டில் யார் கையும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எதிர் மெஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியவில்லை. கடல் பக்கமிருந்து மூடுபனி. நம் ஊரில் மார்கழிப் பனியென்றால் சிலிர்க்கும். இது வெந்நீர் ஆவிக்குள் நிற்பது மாதிரி. வடக்கே போகும் நெடுஞ்சாலை ஊர்கிறது என்று செல்வம் அண்ணன் சொன்னார். மாமா வர வேண்டிய சாலை அது. அவர் போனுக்கு அடித்தேன், அணைந்திருந்தது. இன்னும் கேட்டைத் தாண்டவில்லை என்று அர்த்தம்.

பள்ளிக்குச் சற்று முன்னால் இருக்கும் ரவுண்டானாவில், பனிக்குள்ளிருந்து வந்த ஒரு பெரிய வெள்ளை வண்டி எங்கள் வேனின் பின்பக்கத்தை இடித்தது. யாருக்கும் அடியில்லை. தோப் என்னும் வெள்ளை அரபு அங்கி போட்ட இளைஞர் ஒருவர் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் போலீசுக்குப் படம் அனுப்பி, பதில் வரும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. "கலாஸ், முடிஞ்சுது தங்கச்சி, வேன் இப்போதைக்கு வராது. எறங்கி ஓடுங்க," என்றார் செல்வம் அண்ணன். ஓடினோம். நடைபாதை இல்லாத சாலையோரம், மணல். முன்னால் ஓடியது அகிலன். ஒரு கட்டத்தில் நின்று, "சித்தி, லேட்டானாலும் ஆப்சென்ட்தானே?" என்றான். ஆமாம் என்று மூச்சுவாங்கினேன். அவன் இன்னும் வேகமாக ஓடினான். பதில் சொல்ல மாட்டேன் என்கிறவன் எதற்காக இப்படி ஓடுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்காது.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நுழைந்தோம். அவன் வரிசைக்குப் போனான், நான் படியேறினேன். மேல்மாடத்தில் என்னைத் தவிர யாருமில்லை. பெல்லாமி அண்ணாந்து பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அங்கியைச் சரி செய்தார், தொடங்கினார்.

ஏ வரிசை, பி வரிசை. அன்றைக்குப் பெயர்கள் ஓடுவது மாதிரி இருந்தது. இந்தப் பள்ளியில் ஹெச்சில் இன்னும் நாலு பையன்கள் இருக்கக் கூடாதா, எம்மில் கூட்டம் கூடக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. "ரஹ்மான்" என்றபோது எனக்குப் பின்னால் கதவு தடாலென்று திறந்தது.

மாமா ஆலை வேலை உடுப்பான நீலக் கவராலில் நின்றார். ஹெல்மெட் தடம் நெற்றியில் அப்படியே, பூட்ஸில் சேறு, கழுத்தெல்லாம் வேர்வை. நண்பர் ஒருவரின் பிக்-அப்பில் வந்திருக்கிறார். அந்தச் சத்தத்தில் கீழே பாதித் தலைகள் திரும்பின. அகிலனும் திரும்பினான். அப்பாவைப் பார்த்தான். பேச வழியில்லை. மாமா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அவனையே பார்த்தார்.

சாண்டர்ஸன். ஷா.

"சண்முகம்."

கூடம் காத்திருந்தது. அகிலனின் வாய் திறந்து மூடியது. என் பக்கத்தில் மாமா சுவருக்கு மேல் எட்டிக் குனிந்தார். பெல்லாமியின் பென்சில் காகிதத்தைத் தொடப்போனது. தொடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். மேல்மாடத்தை, அந்த நீலக் கவராலை, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இரண்டாம் முறையாக, அவசரமில்லாமல், வயதில் மூத்த ஒருவரைக் கூட்டத்தில் அழைப்பதுபோல அழைத்தார்.

"சண்முகம்."

பையன்களுக்குள் ஒரு சலசலப்பு. இப்படி ஒன்று அங்கே நடந்ததில்லை போலிருக்கிறது.

"அட்ஸம்," என்றான் அகிலன். சத்தமாகத்தான் சொன்னான்.

புதனும் வியாழனும் அவன் ஒரே அழைப்பில் பதில் சொன்னான், இடம் நிலைத்தது, அக்கா ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

படியிறங்கும்போது மாமா நடுவில் நின்றுவிட்டார். "பன்னெண்டு வருஷம் வினோ. இந்த நாட்டுல என் பேர ஒரு வெள்ளக்காரர் வாயால இப்பத்தான் கேக்குறேன்," என்றார். "அதுவும் ரெண்டு தடவ." கண்ணைக் கவரால் கையால் துடைக்கப் போனவர், அது கிரீஸ் என்று பார்த்து விட்டுவிட்டார்.

தாழ்வாரத்தில் அகிலன் நின்றான். இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள பெல்லாமி விட்டிருந்தார். மாமா அவனைத் தொடவில்லை, கோட்டு அழுக்காகிவிடும். இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"மறுபடியும் திட்டுவாங்கப்பா."

"எதுக்கு?"

"ஓடலேன்னா. டை கோணலா இருந்தா. எல்லாத்துக்கும்."

"திட்டட்டும். சாயந்தரம் எனக்கு போன் பண்ணிச் சொல்லிடு. எதெதத் திருத்திக்கணுமோ நான் திருத்திக்கிறேன்."

அகிலன் அதை யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "நெறைய இருக்கும்," என்றான்.

"பாதி நீ எடுத்துக்க, பாதி நான்."

முதல் முறையாக அந்த வாரத்தில் அவன் சிரித்தான். வகுப்பு மணி அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் பாய்ந்தான். உள்ளே எங்கேயோ இருந்து ஒரு ஆசிரியரின் கனத்த குரல் வந்தது: "ஓடாதே, சண்முகம்!"

இரண்டு பேரும் நின்றார்கள். அங்கே அவன், காலைத் தூக்கியபடி. என் பக்கத்தில் மாமா, திட்டு வாங்கும் பையன்போலக் கையைக் கட்டிக்கொண்டு.